மதாம் எண்ணிய அஞ்சு பத்து

என் தகரப் பெட்டியில் ஒரு ஜெபமாலை இருக்கிறது. எலும்பு மணி. ஒரு காலத்தில் பால் வெள்ளை. இப்போது மஞ்சள் பூத்துவிட்டது. சில மணிகள் மேல்பக்கம் அரித்துச் சொரசொரவென்று இருக்கும். பழசானதால் அப்படி ஆனது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இல்லை. சோடாவும் சுண்ணாம்பும் ஒட்டிய விரல்கள் சனிக்கிழமை தோறும் உருட்டியதால் ஆனது. அந்த விரல்கள் என்னுடையவை அல்ல. ஜெபமாலையும் என்னுடையது அல்ல. நான் வேலை பார்த்த வீட்டு மதாமுடையது. அன்றைக்கு அவளை ‘அவங்க’ என்றுதான் சொல்வேன். இன்றைக்கு எழுதும்போது அந்த மரியாதை வரவில்லை. வரவழைக்க விருப்பமும் இல்லை. அந்த ஜெபமாலையை நான் கேட்டு வாங்கவில்லை. திருடவும் இல்லை. எப்படி என்னிடம் வந்தது என்று சொல்கிறேன்.

முப்பதுகளில் நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். நாங்கள் உப்பளத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மில் வேலை. அந்த வருடம் மில் பாதி நாள் ஓடும், பாதி நாள் நிற்கும். எனக்குப் பத்தொன்பது வயசு. கலியாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளையும் மில்காரர்தான். தைக்குள் முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அம்மா என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, நடுவில் முற்றம், பின்கட்டில் கிணறு. தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுப் பிரஜைகளாக எழுதிக் கொடுத்த குடும்பம். வீட்டுக்காரரை முசே என்போம், கோர்ட்டில் எழுத்து வேலை. வீட்டுக்காரியை மதாம் என்போம். ஒரே பெண். அவளை வேலைக்காரர்கள் எல்லோரும் சின்னம்மா என்போம். அவளுக்கும் என் வயசுதான்.

மதாம் எனக்குச் சமைக்கத் தெரியுமா, துவைக்கத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

“பின்னலை அவுரு.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவிழ்த்தேன். என் முடி சுருட்டை. லேசான சுருட்டை இல்லை, விரலை விட்டால் விரல் மாட்டிக்கொள்ளும். மதாம் காதுக்குப் பின்னால் ஒரு கொத்தைப் பிடித்து, டம்ளரில் இருந்த தண்ணீரைத் தொட்டு நனைத்து, தோள் வரைக்கும் இழுத்தாள். விட்டாள். அது சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி விட்டாள். துணிக்கடையில் துணியை இழுத்துப் பார்ப்பது போல இருந்தது.

“இது சரியா இருக்கும். நாளைக்கே வரட்டும்” என்றாள்.

வழியெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு. “ஊரே சுருட்டை சுருட்டைன்னு கேலி பண்ணுச்சு. இப்ப பாருடி, அந்த முடியப் பாத்துதான் வேலை குடுத்திருக்காங்க.” எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் முடியை நல்லது என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மதாமும் நல்லது என்று சொல்லவில்லை. சரியா இருக்கும் என்றுதான் சொன்னாள். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அன்று தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் குசினிக்காரர் எனக்கு விஷயத்தைச் சொன்னார். குசினி என்றால் அங்கே சமையலறை. அவர் முப்பது வருடமாக அந்த வீட்டு அடுப்போடு இருந்தவர். வாய் சும்மா இருக்காது. சின்னம்மாவுக்கும் என் மாதிரியே சுருட்டை. அதை மறைத்து, தண்ணீரும் எண்ணெயும் வைத்து இறுக்கிப் பின்னி, வெளியே போனால் முக்காடு போட்டே அழைத்துப் போவார்கள். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை சைகோனில் சுங்கத்தில் வேலை. அவருடைய அம்மா இந்த ஊரிலேயே இருக்கிறாள். அந்த அம்மாளுக்கு ஒன்றுதான் பயம். அந்தக் காலத்தில் இங்கிருந்து ரெயுனியோன் தீவுக்குக் கரும்பு வெட்டக் கூலியாகப் போனார்கள் அல்லவா, அவர்களில் சிலர் அங்கே கலந்து கட்டித் திரும்பி வந்தார்கள். சுருட்டை முடியைப் பார்த்தால் ‘தீவுக்காரி’ என்பார்கள். பெரிய குடும்பங்களில் அந்தப் பெயர் வந்தால் பெண் நகராது.

“அதுக்கு என்னை எதுக்கு வேலைக்கு வச்சாங்க?” என்று கேட்டேன்.

குசினிக்காரர் கரண்டியால் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். “இதுக்குத்தான்” என்றார். “விருந்தாளிக்கு ஊத்துறதுக்கு முன்னால ஒரு சொட்டு நம்ம நாக்குல.”

சைகோனில் இருந்த சொந்தக்காரி ஒருத்தி மதாமுக்கு முறை எழுதி அனுப்பியிருந்தாள். சலவைச் சோடாவைக் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கிள்ளு சேர்த்து, தெளிந்த தண்ணீரை அரிசிக் கஞ்சியில் குழைக்க வேண்டும். தலைத் தோலில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவிவிட்டு, முடியில் மட்டும் அந்தக் கஞ்சியைப் பூசி, கொம்புச் சீப்பால் நேராக வாரிக்கொண்டே இருக்க வேண்டும். நேரமானதும் ஏழு எட்டுக் குடம் தண்ணீரில் அலசி, கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றினால் காரம் அடங்கிவிடும். சுருள் இளகி, முடி தொங்கும். எல்லாம் எழுதியவள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று. தலைக்குத் தலை மாறும், முதலில் வேறு யார் முடியிலாவது பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாளாம். அந்த வேறு யாரோ நான்.

சனிக்கிழமை மத்தியானம் பின்கட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். துவைக்கிற கல்லின் மேல் நான். எதிரே பிரம்பு நாற்காலியில் மதாம். கையில் இந்த ஜெபமாலை. கூடத்தில் பெரிய கடிகாரம் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க அடிக்கடி உள்ளே போய் வந்தால் முசேவுக்குத் தெரியும், வருகிறவர் போகிறவருக்குத் தெரியும். அதனால் ஜெபத்தை வைத்து நேரம் பார்த்தாள். பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டு இருக்கும் ஜெபமாலையில். ஒரு கட்டை ஒரு பத்து என்போம். முதல் வாரம் ஒரு கொத்து முடிக்கு ஒரு பத்து. அடுத்த வாரம் வேறு கொத்துக்கு இரண்டு பத்து. அப்படியே ஏற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எண் போட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதுவாள். எழுத்து பிரெஞ்சு, எனக்குத் தெரியாது. எண் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்பவர்களுக்கு மதாம் வேலைக்காரியோடு உட்கார்ந்து ஜெபம் சொல்கிறாள். அந்தத் தெருவில் அவளுக்கு நல்ல பக்திசாலி என்று பெயர்.

பிரெஞ்சில்தான் சொல்வாள். உதடு அசைவதற்குள் ஒரு மணி போய்விடும். நானும் வாய்க்குள் தமிழில் சொல்வேன். எங்கள் மந்திரம் நீளம். அதுவும் அந்தக் காலத்துப் பழைய மந்திரம், வாய் நிறையச் சொல்ல வேண்டும். நான் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்திருப்பாள். குசினிக்காரர் அதையும் விடமாட்டார். “பிரெஞ்சுக்காரங்க மோட்சத்துக்கு ரயில்ல போறாங்க, நாம மாட்டு வண்டில” என்பார். மத்தியானம் நான் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தால், “என்னா சுருட்டை, இன்னிக்கு எத்தனை பத்து வெந்த?” என்பார்.

நாலாவது வாரம் நாலு பத்து. அந்தக் கொத்து கொஞ்சம் இளகியது, இரண்டு நாளில் பழையபடி ஏறிக்கொண்டது. மதாமுக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்தாவது வாரம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வரைக்கும் வலது பக்கம் பூராவும் பூசினாள். இரண்டு பத்து முடிந்திருக்கும். வாசலில் வண்டிச் சத்தம். சின்னம்மா ஓடி வந்து கதவைத் தட்டினாள். சைகோன் மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறாள்.

“மொந்தியோ” என்றாள் மதாம், கடவுளே என்பதைப் பிரெஞ்சில். எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள். ஜெபமாலையை நாற்காலியில் போட்டாள். என் பக்கம் குனிந்து சொன்னாள்: “அப்படியே உக்காந்திரு. தண்ணி சேந்துற சத்தம் முன்கட்டுக்குக் கேக்கும். நான் வர வரைக்கும் கழுவக் கூடாது. புரிஞ்சுதா?”

“சரிங்க மதாம்” என்றேன்.

உட்கார்ந்தேன். என் கணக்குக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து பத்து முடிந்தது. முதலில் தினவு. பிறகு எரிச்சல். எண்ணெய் உருகி வழிந்து போய்விட்டது, காரம் தோலில் இறங்கிவிட்டது. மறுபடி முதல் மணியிலிருந்து ஆரம்பித்தேன். குசினிக்காரர் காப்பிக்குப் பால் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். கிணற்று ராட்டினத்தில் கை வைத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். “பைத்தியமே, கழுவுடி” என்றார் மெதுவாக. கழுவியிருக்கலாம். இத்தனை வருடமாக அதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கழுவினால் வேலை போகும் என்று பயந்தேன். மில் மூடியிருந்தது. அது மட்டும் இல்லை. சொன்ன சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் எரியவிட மாட்டார்கள் என்று நம்பினேன். முன்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் முறை ஜெபமாலை ஆரம்பித்தபோது எனக்கு வார்த்தை மறந்துவிட்டது.

மதாம் வந்து தண்ணீர் ஊற்றச் சொன்னாள். சீப்பை வைத்தாள். முடி சீப்போடு வந்தது. ஒரு கை அகலத்துக்குத் தோலும் கொஞ்சம் வந்தது. நான் கத்தவில்லை. அவளும் ஐயோ என்று சொல்லவில்லை. சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ இவ்வளவு ஆகாது” என்றாள்.

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

அந்த நாலு வார்த்தைகூட இல்லாத பேச்சைத்தான் நான் இந்த வயசு வரைக்கும் சுமக்கிறேன். புண் ஆறிவிட்டது. சின்னம்மாதான் அன்று சாயங்காலம் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து தடவினாள்.  “வலிக்குதா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோவிலில் எனக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நான் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் அம்மா, ‘என்னாடி புதுசா முக்காடு?’ என்று விளையாட்டாக இழுத்தாள். விளையாட்டாகத்தான் இழுத்தாள். பார்த்ததும் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பெருவியாதி, அதாவது குஷ்டம் என்று ஒரு பேச்சு உப்பளம் முழுவதும் மத்தியானத்துக்குள் சுற்றி வந்துவிட்டது.

அம்மா மதாமிடம் போனாள். நானும் கூடப் போனேன். அம்மா படியில் கைகூப்பி நின்றாள்.

“மதாம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். மருந்து பட்ட புண்ணுன்னு சாமியார்கிட்ட சொல்லுங்க. நோய் இல்லன்னு சொல்லுங்க. மூணாம் ஓலை வாசிச்சிடுவாங்க.”

“என்ன மருந்து?” என்றாள் மதாம். “என் வீட்ல அப்படி ஒண்ணும் நடக்கல.” பிறகு என்னைப் பார்த்தாள். “அவ வேலைக்கு வரட்டும். நான் நிறுத்தல.”

அடுத்த ஞாயிறு வேறு இரண்டு பேருக்கு ஓலை வாசித்தார்கள். எனக்கு வாசிக்கவில்லை.

அம்மா இனி அந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்றாள். நான் போவேன் என்றேன். சோத்துக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய். நான் போனதற்குக் காரணம் ஒன்றுதான். அவளுடைய நாள் வரும், அன்று நான் அங்கே இருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், தபசு காலம் வந்தது. ஈஸ்டர் கழிந்ததும் சின்னம்மாவுக்குப் பூ வைக்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். மதாமுக்குச் சரியான நேரம் தெரிந்தாக வேண்டும். ஆனால் என் தலையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. புண்ணுக்கு எதிரே உட்கார்ந்து ஜெபம் சொல்ல வரவில்லையோ என்னவோ. சுண்ணாம்பை மட்டும் பழைய அளவுக்குத் தானே கிள்ளிப் போட்டாள். இடது பக்கம் நீயே பூசிப் பார், எத்தனை பத்துக்குச் சரியாகிறது என்று வந்து சொல் என்றாள். நான் தனியாகக் கல்லில் உட்கார்ந்து பூசினேன். என் மந்திரத்தை என் வாயால் சொன்னேன். அதற்குள் என் விரல்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. சரியான நேரத்தில் முடி விரலுக்குள் வெந்த சேமியா போலத் தளரும். ஐந்து பத்து முடிந்தபோது தளர்ந்தது. அலசி வினிகர் ஊற்றினேன். காய்ந்த பிறகு அந்தக் கொத்து வாய்க்கால் தண்ணீர் போல நேராகத் தொங்கியது. ஒரு வாரம் ஆகியும் ஏறவில்லை. மதாம் அதை இழுத்தாள், விட்டாள், நனைத்தாள், விட்டாள். முதல் நாள் மாதிரியே. அப்படியே நின்றது.

“எத்தனை?”

“அஞ்சு பத்து மதாம்.”

நாலு போதவில்லை என்று அவள் நோட்டிலேயே இருந்தது. அடுத்தது ஐந்துதானே. சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும், இவள் எண்ணும் ஐந்து பத்து என் ஐந்து பத்தில் பாதி. தெரிந்தேதான் சொன்னேன். சொன்னது பொய்யும் இல்லை.

குசினிக்காரருக்கு எதையும் மறைக்க முடியாது. அன்று சாயங்காலம் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“உன் அஞ்சா, அவங்க அஞ்சா?”

“என் அஞ்சு.”

“அவங்க வேகத்துக்கு அஞ்சு பத்துன்னா உப்புகூடக் கரையாதேடி. சொல்லிடு.”

“கேட்டா சொல்றேன்.”

“கேக்க மாட்டாங்களே.”

“அப்ப சொல்ல மாட்டேன்.”

அவர் அம்மியில் இருந்ததை வழித்து எடுத்தார்.  எழுந்து போகும்போது, “அந்தப் புள்ள உனக்கு எண்ணெ தடவுச்சு” என்றார். ஆமாம். தடவினாள். அதை நான் மறக்கவில்லை. ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள் வேகத்துக்குப் பத்துப் பத்து என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். அதற்கு மேல் இருபது என்று சொல்லியிருந்தால், சின்னம்மா தலையும் என் தலை போல ஆகியிருக்கும். அதைச் சொல்லவில்லை. கருணை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தலை வெந்துபோனால் ஊர் இரக்கப்படும். மதாம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதால் நாலு பேர் தண்ணீர் கொடுப்பார்கள். முடி சுருண்டால் ஊர் சிரிக்கும். எனக்கு அவளைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும்.

அந்த நாள் வந்தது. விடிந்ததும் மதாம் தானே சோடாவைக் கரைத்தாள். நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “நீ குசினிக்குப் போ. இந்தக் கையால வேணாம்” என்றாள். என்னைக் கண்டு பயந்திருக்கிறாள். அன்று என்னிடம் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. விரல் ஒருவேளை தன் வேலையைச் செய்திருக்கும். அவள் விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. பதற்றத்தில் எப்போதையும்விட வேகமாக ஓடியது. கூடையில் பாதி வெங்காயம்கூட நான் உரித்திருக்க மாட்டேன், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்துவிட்டது.

சாயங்காலம் சின்னம்மா கூடத்துக்கு வந்தபோது முடி நேராகத்தான் இருந்தது. ஈரத்தில் இறுக்கி வாரி, எண்ணெய் வைத்து, விசிறி விசிறிக் காய வைத்திருந்தார்கள். பட்டுப் போலப் பளபளத்தது. மதாம் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. சைகோன்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த தட்டுகளை உள்ளே வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஒரு தட்டில் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரம், வாழை இலையில் சுற்றி இருந்தது. குசினியில் வைத்தேன். பிரித்தேன். ஒரு செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். வாடக் கூடாது என்று யார் கேட்டாலும் சொல்லலாம். குசினிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.  சொட்டச் சொட்ட இலையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் பூ வைக்க வேண்டும். அது முறை. குண்டான அம்மாள், நிதானமான கை. சரத்தை நாலாக மடித்துச் சின்னம்மா பின்னலில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் கழுத்து வரை வழிந்தது. ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்துகொண்டிருந்தது. காப்பி கொடுத்தோம். பேச்சு கப்பல் எப்போது என்பதில் போய்க்கொண்டிருந்தது. நான் கதவோரம் நின்று ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பூவுக்குக் கீழே ஒரு இழை எழுந்தது. பிறகு காதோரம் ஒன்று. பிறகு நெற்றியில். முடி மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. காப்பி ஆறுவதற்குள் பூவைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையமாக நின்றது.

அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினாள். கையை நீட்டி ஒரு வளையத்துக்குள் விரலை விட்டாள். இழுத்தாள், விட்டாள். ஏறிக்கொண்டது. முதல் நாள் என் முடியில் மதாம் செய்த அதே வேலை.

“யாரு தலைம்மா இது?” என்றாள். குரலில் கோபமே இல்லை. “அப்பா வழியா, அம்மா வழியா?”

 அந்த அம்மாள் மதாம் பக்கம் திரும்பினாள். மதாம் எப்போதும் கொண்டையை இறுக்கிப் போட்டு, வலை மாட்டி, மேலே கறுப்புச் சல்லாத்துணி போட்டிருப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

“உங்க கொண்டையைக் கொஞ்சம் அவுக்கிறீங்களா? பாத்துக்குறேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அவளை யாரோ கிள்ளினார்கள். அதற்குள் இன்னும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மதாம் கை கொண்டைக்குப் போனது. அவிழ்க்க அல்ல, மூடிக்கொள்ள. அது போதும் அந்த அம்மாளுக்கு. காப்பியை முழுவதும் குடித்தாள். டம்ளரை வைத்தாள். “தீவுல இருந்து வந்தவங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லித் தங்கள் தட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதாம் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அதே நாற்காலி. கையில் ஜெபமாலை, மடியில் நோட்டு. ராத்திரி தூங்கவில்லை போல, கண் வீங்கியிருந்தது.

“நீ அஞ்சு பத்துன்னுதான சொன்ன?”

“ஆமாங்க மதாம்.”

“நான் அஞ்சு பத்து சொன்னேன். ஒரு மணி விடல.”

“நீங்க பிரெஞ்சுல சொன்னீங்க. நான் தமிழ்ல சொன்னேன்.”

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உதடு அசைந்தது. தமிழில் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. சின்ன வயசில் அவளுக்கும் யாரோ அந்த மந்திரத்தைத் தமிழில்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?”

“உங்க வீட்ல அப்படி ஒண்ணும் நடக்கலியே மதாம்” என்றேன்.

அவள் கையிலிருந்து ஜெபமாலை நழுவிக் கல்லில் விழுந்தது. நான் உட்கார்ந்து எரிந்த கல். குனிந்து எடுத்தேன். அவளிடம் நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. மடியில் முடிந்துகொண்டு பச்சைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். மதாமை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பிற்பாடு நோணாங்குப்பத்தில் ஒரு படகுக்காரருக்கு இரண்டாம் தாரமாகப் போனேன். நல்ல மனிதர். என் தலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. சின்னம்மாவுக்குக் கலியாணம் ஆகவில்லை. வேறு வரன்கள் வரவில்லையா, அவளே வேண்டாம் என்றாளா, தெரியாது. பல வருடம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். பாதி நரைத்த சுருட்டை முடியை அப்படியே விட்டிருந்தாள். முக்காடு இல்லை. அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். என் காதுக்குப் பின்னால் பார்த்தாள். “முளைக்கலியா?” என்றாள். “இல்லம்மா” என்றேன். கையிலிருந்த கருவாட்டுப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “அம்மா கடைசி வரைக்கும் தமிழ்ல ஜெபம் சொல்லவே இல்ல” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாக்கு வரை வந்தது. அதற்குள் மீன்காரி குறுக்கே கூடையோடு வந்துவிட்டாள். கூடை போன பிறகு சின்னம்மாவும் போயிருந்தாள். அவள் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. அவளுக்கு நான் பட்ட கடன் எண்ணெயும் மஞ்சளும். அதை இன்னும் தீர்க்கவில்லை.

போன மாதம் என் மருமகள் கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். முடியை நேராக்குகிற பசை. பெட்டி மேலே படம், உள்ளே கையுறை, எத்தனை நிமிடம் என்று அச்சடித்த தாள். தலையில் பூசிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து, “அத்தே, இருவது நிமிசம் ஆனதும் ஒரு குரல் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகை படிக்க ஆரம்பித்துவிட்டாள். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. வாய் தானாக அந்தப் பழைய மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தது, விரல்களை மடக்கி மடக்கி. ஐந்து பத்து முடிந்தது. “எரியுதா?” என்று கேட்டேன். “லேசா” என்றாள். “எந்திரி, கழுவு” என்றேன். இன்னும் நேரம் இருக்கிறது என்றாள். நானே குடத்தைத் தூக்கி ஊற்றினேன்.  அவள் சிரித்தாள்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஜெபமாலையை எடுத்துப் பார்த்தேன். அந்த மஞ்சள் மணிகளை நான் ஒரு நாளும் உருட்டியதில்லை. வருடா வருடம் ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பொய் சொன்னதைச் சொல்லியிருக்கிறேன், கோபப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரரோடு சண்டை போட்டதைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் மனஸ்தாபப்படு என்பார். பாவத்துக்கு வருந்தாமல் மன்னிப்புக் கிடையாது. நான் ஒவ்வொரு வருடமும் வரிசையில் நிற்கும்போது வருந்திப் பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் விரலை வைத்து, முடி முளைக்காத அந்த இடத்தைத் தடவிக்கொண்டே பார்க்கிறேன். வரவில்லை. இந்த வருடமும் வரவில்லை. ஜெபமாலையைத் துணியில் சுற்றித் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.